டி.ஓ. படித்தவர் டாக்டரா? அமெரிக்காவில் ஒரு பதில், மலேசியாவில் வேறு பதில்

அமெரிக்காவில் குடியேறிவிட்ட மகன் போன் செய்கிறார். "அப்பா, பாப்பாவுக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. வீட்டிலிருந்து அரை மணி நேரம்தான். ஆஸ்டியோபதிக் மருத்துவம், டி.ஓ. பட்டம்."

தாத்தா பாட்டிக்கு மகிழ்ச்சிதான். கூடவே ஒரு சந்தேகம். நம் பட்டணத்தில் முதுகுவலிக்கும் கழுத்துவலிக்கும் கையால் சிகிச்சை தரும் நிலையங்களில் பார்க்கும் சொல்லல்லவா இது? பேத்தி டாக்டராகப் போகிறாளா, இல்லையா?

அமெரிக்காவில் அவர் முழு டாக்டர்தான். மருந்து எழுதலாம், அறுவை சிகிச்சை செய்யலாம், இதயம், குழந்தை நலம் என எந்தத் துறையிலும் நிபுணராகலாம். ஆனால் மலேசியாவில் இதே சொல் வேறொரு தொழிலைக் குறிக்கிறது. இந்த வேறுபாடு தெரியாமல் முடிவெடுத்தால் இழப்பு பெரிது.

ஒரே சொல், இரண்டு தொழில்

ஆஸ்டியோபதியைத் தொடங்கியவர் ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் என்ற அமெரிக்க மருத்துவர். 1864ஆம் ஆண்டு மூளைக்காய்ச்சலில் பிள்ளைகளைப் பறிகொடுத்த அவர், அக்கால மருந்துகளில் நம்பிக்கை இழந்தார். எலும்பு, தசை ஆகியவற்றைக் கையால் சீர்செய்யும் முறையை வகுத்து, 1892இல் மிசூரி மாநிலத்தின் கிர்க்ஸ்வில் ஊரில் முதல் கல்லூரியைத் திறந்தார்.

பிறகு பாதை இரண்டாகப் பிரிந்தது. அமெரிக்கக் கல்லூரிகள் நவீன மருத்துவப் பாடம் முழுவதையும் சேர்த்துக்கொண்டன. 1973க்குள் 50 மாநிலங்களும் டி.ஓ. மருத்துவர்களுக்கு முழு உரிமை தந்துவிட்டன. 2020 முதல் எம்.டி., டி.ஓ. இரு தரப்பினருக்கும் நிபுணத்துவப் பயிற்சிக்கு ஒரே அங்கீகார முறைதான். கைச்சிகிச்சைப் பாடம் ஏறக்குறைய 200 மணி நேரம் கூடுதலாக உண்டு. இன்று அமெரிக்க மருத்துவ மாணவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் டி.ஓ. படிக்கிறார்.

மற்ற பல நாடுகளில் ஆஸ்டியோபதி கைச்சிகிச்சையாகவே நின்றுவிட்டது. மலேசியாவில் அது 2016ஆம் ஆண்டு பாரம்பரிய, துணை மருத்துவச் சட்டத்தின் கீழ் வருகிறது. சித்தா, ஆயுர்வேதம் அடங்கிய இந்தியப் பாரம்பரிய மருத்துவம், ஹோமியோபதி, கைரோபிராக்டிக் ஆகியவையும் அதே சட்டத்தில்தான் உள்ளன. டாக்டர்களின் பதிவோ 1971ஆம் ஆண்டு மருத்துவச் சட்டத்தின் கீழ், மலேசிய மருத்துவ மன்றத்திடம் இருக்கிறது.

வீட்டுக்கு அருகில் ஏன் கிடைக்கிறது?

டி.ஓ. கல்லூரிகள் பல, டாக்டர் பற்றாக்குறை உள்ள சிற்றூர்களில் அமைந்தவை. கென்டக்கி மாநிலத்தின் பைக்வில் நிலக்கரிச் சுரங்கங்கள் நிறைந்த மலைப்பகுதி. அங்கே 1997இல் ஒரு டி.ஓ. கல்லூரி வந்தது. அந்த வட்டாரப் பிள்ளைகளைப் படிக்க வைத்தால் அங்கேயே தங்கி வேலை செய்வார்கள் என்பதுதான் எண்ணம். தோட்ட மருத்துவமனையில் ஒரே ஒரு டிரெசரை நம்பி வாழ்ந்த நம் மூத்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

ஆனால், 'வீட்டுக்கு அருகில்' என்ற சொல்லைக் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும். படிப்பு 4 ஆண்டு. முதல் 2 ஆண்டு பெரும்பாலும் வகுப்பறை. அடுத்த 2 ஆண்டு மருத்துவமனைகளில் பயிற்சி. பல டி.ஓ. கல்லூரிகளுக்குச் சொந்த மருத்துவமனை கிடையாது. மாணவர்களை வெளியூருக்கும், சில வேளை வெளிமாநிலத்துக்கும் அனுப்புகிறார்கள். வீட்டுச் சாப்பாடும் வாடகை மிச்சமும் 2 ஆண்டுக்கு மட்டும்தான் என்றாகிவிடலாம்.

ஆகவே சேருமுன் கேட்க வேண்டிய கேள்விகள் இவை:

• 3ஆம், 4ஆம் ஆண்டுப் பயிற்சி எந்த மருத்துவமனையில்? இடத்தைக் கல்லூரி ஏற்பாடு செய்கிறதா, மாணவரே தேட வேண்டுமா?

• சேர்ந்தவர்களில் எத்தனை பேர் குறித்த காலத்தில் முடித்தார்கள்? எத்தனை பேருக்கு நிபுணத்துவப் பயிற்சி இடம் கிடைத்தது? எந்தத் துறைகளில்?

• கல்லூரிக்கு முழு அங்கீகாரம் உண்டா, புதிய கல்லூரி என்பதால் தற்காலிக அங்கீகாரம் மட்டுமா?

கடைசியாகப் பணம். தனியார் டி.ஓ. கல்லூரிகள் பலவற்றில் கல்விக் கட்டணம் மட்டுமே ஆண்டுக்கு 50,000 அமெரிக்க டாலரைத் தாண்டுகிறது. மிச்சிகன், ஒஹாயோ, மேற்கு வர்ஜீனியா போன்ற மாநிலங்களில் அரசு டி.ஓ. கல்லூரிகள் உண்டு. அந்த மாநிலவாசிகளுக்குக் கட்டணம் குறைவு.

இங்கிருந்து போக நினைப்பவர்களுக்கு

எஸ்.டி.பி.எம். முடித்ததும் நேராகச் சேரும் படிப்பு இதுவல்ல. முதலில் 4 ஆண்டுப் பட்டப்படிப்பு, எம்கேட் தேர்வு, அதன் பிறகே மருத்துவம். அமெரிக்க அரசுக் கல்விக் கடன் பொதுவாகக் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான். படித்துவிட்டு மலேசியாவில் டாக்டராக வேலை செய்யும் எண்ணம் இருந்தால், பணம் கட்டுவதற்கு முன்பே அந்தக் கல்லூரியின் பெயரையும் பட்டத்தையும் குறிப்பிட்டு மலேசிய மருத்துவ மன்றத்துக்கு எழுதி, எழுத்து மூலமாகவே பதில் வாங்கிக்கொள்ளுங்கள். முகவர் தரும் வாய்மொழி உறுதி போதாது.

அமெரிக்காவில் வாழ்ந்து அங்கேயே டாக்டராக இருக்கப்போகும் பேத்திக்கு இந்தக் கவலை இல்லை. யாராவது "அது நிஜ டாக்டர் படிப்பா?" என்று கேட்டால், தாத்தா தயங்காமல் "ஆமாம்" என்று சொல்லலாம்.