ஜெர்மன் மெஷினை ஓரங்கட்டிய ஊர்

1922-இல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்றுக்கொள்ளக் கல்கத்தா போனார்கள். மறு ஆண்டு திரும்பி வந்து, ஜெர்மனியிலிருந்து மெஷின் தருவித்துத் தொழிலைத் தொடங்கினார்கள். மூன்றே ஆண்டுகளில், 1926-இல், அந்த மெஷின்களை ஓரங்கட்டிவிட்டுக் கைவேலைக்கு மாறினார்கள். இன்றைக்குக் கேட்டால் பிற்போக்கு என்று தோன்றும். ஆனால் கரிசல் காட்டில் மழை பொய்த்த காலத்தில் கை நிறைய ஆள் இருந்தது, பை நிறையப் பணம் இல்லை. மெஷினின் வேகத்துக்கு அந்த ஊரில் அன்று தேவையே இல்லை. அதே 1923-இல் ஸ்வீடன் முதலீட்டோடு பிறந்த விம்கோ கம்பெனி, முழுக்க மெஷினை நம்பி அம்பர்நாத், திருவொற்றியூர் என்று பெரிய ஆலைகளை எழுப்பியது. பிற்காலத்தில் நாட்டின் தீப்பெட்டியில் பெரும்பங்கு கைவேலை செய்த சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி வட்டாரத்திலிருந்துதான் போனது. திருவொற்றியூரில் விம்கோவின் பெயரை இன்று ரயில் நிலையமும் மெட்ரோ நிலையமும் சுமந்து நிற்கின்றன.

இதை வைத்து மெஷின் தோற்றது, கை வென்றது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. மரத்தை உரித்துக் குச்சியாக நறுக்கும் வேலை எப்போதோ மெஷினுக்குப் போய்விட்டது. மரச்சட்டத்தில் குச்சி அடுக்குவதும் பெட்டி ஒட்டுவதும்தான் கையில் நின்றன. அதற்கும் ஒரு காரணம், கையால் செய்த தீப்பெட்டிக்கு அரசு நெடுங்காலம் கொடுத்துவந்த வரிச் சலுகை. 2017-இல் ஜி.எஸ்.டி. வந்தபோது கைவேலைத் தீப்பெட்டிக்கு 5 சதவீதம், மற்றதற்கு 18 சதவீதம் என்றிருந்தது. 2020 ஏப்ரலில் எல்லாவற்றுக்கும் 12 சதவீதம் என்று ஒன்றாக்கினார்கள். மெஷினில் ஒரு திருகாணிகூட மாறவில்லை. அதை வாங்குவது லாபமா நட்டமா என்ற கணக்கு மட்டும் ஒரே நாளில் தலைகீழானது. ஒரு மெஷினின் மதிப்பு அதன் உள்ளே இல்லை, அதைச் சுற்றி இருக்கும் வேலையில் இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி இந்த வட்டாரத்தில் கிடைக்காது. சிவகாசிப் பக்கத்து வெம்பக்கோட்டையில் மரப்பட்டறை வைத்திருப்பவர், கடைக் கண்ணாடிக்குப் பின்னால் மின்னும் புதிய பவர் டூல்ஸைப் பார்க்கும்போது இந்த வரலாற்றையும் கொஞ்சம் நினைத்துக்கொள்வது நல்லது.

கடையில் விலை படிப்படியாக ஏறுகிறது. வயர் வைத்த சாதாரண டிரில் இரண்டு மூன்றாயிரத்தில் கிடைக்கும். இரண்டு பேட்டரி, சார்ஜரோடு பிரஷ்லெஸ் செட் என்றால் பதினைந்திலிருந்து இருபத்தைந்தாயிரம் வரை போகும். அலுமினியப் பாதையில் வழுக்கி ஓடும் ஐரோப்பிய ரம்பம் அரை லட்சத்தைத் தாண்டும். கூடுதல் பணம் எதற்கு? பழைய மோட்டாரில் சுழலும் பகுதிக்கு மின்சாரம் கொடுக்க இரண்டு கரித்துண்டுகள் உரசிக்கொண்டே இருக்கும். அவைதான் கார்பன் பிரஷ். உரசலில் சூடும் தேய்மானமும் உண்டு, காற்றோட்டத் துளை வழியே நீலப் பொறி தெரியும். பிரஷ்லெஸ் மோட்டாரில் உரசல் கிடையாது. எந்தச் சுருளுக்கு எப்போது மின்சாரம் என்பதை ஒரு மின்னணுப் பலகை தீர்மானிக்கிறது. அதனால் அதே பேட்டரியில் அதிக நேரம் ஓடும், மோட்டாரும் நீடித்து உழைக்கும். இது விளம்பரப் பேச்சில்லை, உண்மையான முன்னேற்றம்தான். ஆனால் கார்பன் பிரஷ் தேய்ந்தால் நூறு ரூபாய்க்குள் வாங்கிப் பட்டறையிலேயே பத்து நிமிடத்தில் மாற்றிவிடலாம். மின்னணுப் பலகை புகைந்தால் அப்படி முடியாது. பலகையையே மாற்ற வேண்டும், சில நேரம் அந்த விலைக்குப் புது மெஷினே வந்துவிடும்.

பேட்டரியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும், ஏமாற்றம் அங்கேதான் அதிகம். 18 வோல்ட், 20 வோல்ட் என்று இரண்டு விதமாக அச்சிடுகிறார்களே, இரண்டும் பெரும்பாலும் ஒன்றுதான். உள்ளே 3.6 வோல்ட் செல்கள் ஐந்து, பெருக்கினால் 18. முழுதாக ஏற்றிய நிலையில் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 4 வோல்ட் காட்டுவதால் 20 என்று எழுதுகிறார்கள். 18 வோல்ட், 5 ஆம்பியர்-மணி பேட்டரி என்றால் அதில் இருப்பது 90 வாட்-மணி. 600 வாட் இழுக்கும் இழைப்பு மெஷினை வேப்பம்பலகையில் முழுப் பாரத்தோடு ஓட்டினால் ஒன்பது நிமிடத்தில் தீர்ந்துவிடும். திருகு முடுக்குவது வேறு கதை. விரல் அழுத்தும் நேரம் சில நொடிதான், அதே பேட்டரி அரை நாள் தாங்கும். மின் இணைப்பு இன்னும் வராத புது வீட்டில், ஏணி மேல் நின்று கீல் பூட்டும்போது வயர் இல்லாத டிரில்லின் அருமை தெரியும். ஆகவே டிரில்லுக்குப் பேட்டரி சரி. இழைக்கவும் நீளமாக அறுக்கவும் வயர்தான் நம் சட்டைப்பைக்கு நல்லது. இன்னொன்றும் உண்டு. லித்தியம் செல்லை 45 டிகிரிக்கு மேல் சூடான நிலையில் சார்ஜ் செய்வது அதன் ஆயுளைக் குறைக்கும். பல சார்ஜர்கள் அந்தச் சூட்டில் ஏற்றவே மறுக்கும். சித்திரை வெயிலில் தகரக் கொட்டகைக்குள் அப்போதுதான் உழைத்து முடித்த பேட்டரி எத்தனை டிகிரியில் இருக்கும் என்பதை விருதுநகர் மாவட்டத்துக்காரருக்குச் சொல்லத் தேவையில்லை. ஒரு கம்பெனி பேட்டரி மற்றொரு கம்பெனி மெஷினில் பெரும்பாலும் பொருந்தாது. முதல் மெஷினை வாங்கும்போதே அடுத்த நாலு மெஷினையும் எங்கே வாங்குவது என்று முடிவாகிவிடுகிறது.

இனி நேரக் கணக்கு. தச்சருக்கு எட்டு மணி நேரத்துக்குக் கூலி ஆயிரம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இருபதாயிரம் கூடக் கொடுத்து வாங்கிய மெஷின் நாளுக்குக் கால் மணி நேரம் மிச்சப்படுத்தினால், அதன் மதிப்பு 31 ரூபாய் 25 காசு. போட்ட பணம் திரும்ப 640 வேலை நாள், அதாவது மாதம் 25 நாள் வேலை இருந்தாலும் இரண்டு ஆண்டுக்கு மேல். ஒரு மணி நேரம் மிச்சமானால் 160 நாளிலேயே எடுத்துவிடலாம். இதில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. மிச்சமான கால் மணியில் செய்ய அடுத்த வேலை காத்திருக்க வேண்டும். ஒரு நிலை, கதவு வேலையில் மெஷின் உண்மையில் ஓடுகிற நேரம் எவ்வளவு என்று ஒரு வாரம் குறித்து வைத்துப் பார்த்தால் தெரியும்: அளப்பது, குறிப்பது, பிடித்து நிறுத்துவது, மரத்தைப் புரட்டுவது, டீ குடிப்பது எல்லாம் போக மீதிதான் மெஷினுடையது. அந்த மீதியை இருமடங்கு வேகமாக்கினாலும் நாள் ஒன்றும் பாதியாகிவிடாது.

பெரும்பாலும் மெஷின் மெதுவாக இருப்பதற்குக் காரணம் மெஷின் அல்ல, பிளேடு. ப்ளைவுட்டில் இருக்கும் பசை சாதாரண எஃகுப் பல்லைச் சீக்கிரம் மழுங்கடிக்கும். மழுங்கிய பல் அறுப்பதை விட்டுத் தேய்க்க ஆரம்பிக்கும். மரம் கருகும், மோட்டார் திணறும், ஓனர் மோட்டாரைத் திட்டுவார். கார்பைடு பல் வைத்த நல்ல பிளேடைப் போட்டால் பழைய மெஷினே புதிதுபோல ஓடும். பிளேடின் கனமும் முக்கியம். 3.2 மில்லிமீட்டர் வெட்டுக்குப் பதில் 2.4 மில்லிமீட்டர் வெட்டு என்றால் தூளாகப் போகும் மரத்தில் கால் பங்கு குறைகிறது, மோட்டாரின் உழைப்பும் ஏறக்குறைய அந்த அளவுக்குக் குறைகிறது. இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. வெம்பக்கோட்டை மேட்டில் 2022 முதல் நடந்த அகழாய்வில் சங்கு வளையல் துண்டுகள் ஏராளமாகக் கிடைத்தன. ஒரு சங்கிலிருந்து எத்தனை வளையல் எடுக்கலாம் என்பது அறுக்கும் ரம்பத்தின் கனத்தைப் பொறுத்தது என்று அன்றைய வளையல் தொழிலாளிக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

இதுவரை செலவு வேண்டாம் என்ற பக்கமே பேசியாயிற்று. ஆனால் பணத்தைப் பார்க்காமல் உடனே மாற்ற வேண்டிய மெஷின் ஒன்று பல பட்டறைகளில் இருக்கிறது: கல் அறுக்கச் செய்து, மரப் பிளேடைப் பூட்டி ப்ளைவுட் அறுக்கப் பயன்படுத்தும் மார்பிள் கட்டர். கைக்கு அடக்கம், விலையும் மலிவு என்பதால் தமிழ்நாடு முழுக்க இதுதான் ‘கட்டிங் மெஷின்’. நிமிடத்துக்குப் பன்னிரண்டாயிரம் சுற்றுக்கு மேல் சுழலும். மரத்துக்கென்று செய்த வட்ட ரம்பத்தில் பிளேடை முழுதாக மூடும்படி தானே இறங்கிக்கொள்ளும் கீழ்க் கவசம் இருக்கும், இதில் இருக்காது. மரம் பிளேடை இறுக்கிப் பிடித்தால் மெஷின் ஆளை நோக்கித்தான் எகிறும். மரத்துக்கான வயர் வைத்த ரம்பம் சில ஆயிரம் ரூபாய் கூடுதல். அந்தச் செலவைக் கால் மணி, அரை மணி கணக்கில் அளக்க முடியாது. அமெரிக்காவில் ஸ்டீவ் காஸ் என்பவர் 1999-இல் உருவாக்கிய ‘சா-ஸ்டாப்’ நுட்பத்தில், விரல் பட்டவுடன் ஒரு நொடியின் இருநூறில் ஒரு பங்கு நேரத்துக்குள் பிளேடு நின்றுவிடும். அது நம் ஊர்ப் பட்டறைக்கு எட்டாத விலை. கவசமும், பிளேடுக்குப் பின்னால் மரத்தைப் பிரித்து நிறுத்தும் தகடும் எட்டும் விலைதான்.

காதும் மூச்சும் இதே வரிசையில் வருகின்றன. வட்ட ரம்பத்தின் சத்தம் 100 டெசிபெல்லைத் தொடும். 85 டெசிபெல்லில் எட்டு மணி நேரம் தாங்கும் காதுக்கு, 100 டெசிபெல்லில் பாதுகாப்பான நேரம் கால் மணிதான் என்கிறது அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தின் கணக்கு. மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1995-லேயே உறுதியாக வகைப்படுத்திவிட்டது. அதனால் விலை உயர்ந்த சாண்டிங் மெஷினில் எனக்கு நியாயமாகத் தெரியும் அம்சம் அதன் வேகமல்ல, தூளை உறிஞ்சி எடுக்கும் குழாய்தான். அந்தக் குழாயைப் பழைய மெஷினிலும் ஒரு வாக்குவம் கிளீனரோடு பொருத்த முடிகிறதா என்று முதலில் பார்க்கலாம்.

சிவகாசி, வெம்பக்கோட்டைப் பட்டாசு வட்டாரத்துக்கென்றே ஒரு வாதம் உண்டு. பிரஷ்லெஸ் மோட்டாரில் பொறி வராது, ஆகவே பட்டாசு ஆலையில் கதவு, ரேக் பழுது பார்க்க அதுதான் ஏற்றது என்பார்கள். கேட்கச் சரியாகத் தோன்றும் இந்த வாதம் ஆபத்தானது. மருந்தறைக்குள் இரும்புக் கருவிக்கே இடமில்லை; பொறி தராத மரம், பித்தளை போன்றவற்றால் செய்த கருவிகளைத்தான் அங்கே புழங்குகிறார்கள். மோட்டாரில் பொறி இல்லாவிட்டாலும் ஸ்விட்ச் இருக்கிறது, சூடு இருக்கிறது, பிளேடு ஆணியில் பட்டால் பொறி பறக்கும். பொறி இல்லாத மோட்டார் வேறு, வெடிபொருள் சூழலுக்கென்று சோதித்துச் சான்று தந்த மெஷின் வேறு. மருந்து முழுவதையும் அப்புறப்படுத்தி, அறையைக் கழுவி விட்ட பிறகே பழுது வேலை என்பதுதான் விதி. அந்த விதிக்கு எந்த விலை மெஷினும் மாற்றாகாது.

வாடிக்கையாளர் தொழிற்சாலை நேர்த்தி கேட்கிறாரே என்பது அடுத்த கேள்வி, இதில் உண்மை இருக்கிறது. மாடுலர் கிச்சன் படத்தைச் செல்போனில் காட்டி இதேபோல் வேண்டும் என்கிறார்கள். அந்த நேர்த்தி வருவது நேரான வெட்டிலிருந்தும் சரியாக ஒட்டிய ஓரப் பட்டையிலிருந்தும்; மோட்டாரின் விலையிலிருந்து அல்ல. நேரான அலுமினியப் பட்டை ஒன்றைப் பலகையில் இறுக்கி, அதை ஒட்டி நல்ல பிளேடோடு ஓட்டினால் பழைய ரம்பம் நேராகத்தான் அறுக்கும். கொஞ்சம் நேரம் பிடிக்கும், அவ்வளவுதான். நாளுக்கு இரண்டு பலகை அறுப்பவருக்கு அந்தத் தாமதம் ஒன்றுமில்லை. நாளுக்கு இருபது பலகை அறுப்பவர் பாதை ரம்பத்தையோ பேனல் சாவையோ தாராளமாக வாங்கலாம். மேலே போட்ட கணக்கு அவருக்குச் சாதகமாகவே வரும்.

கடன் எளிதாகக் கிடைப்பதும் ஆசையைக் கூட்டுகிறது. மத்திய அரசின் விஸ்வகர்மா திட்டத்தை அதன் வடிவில் ஏற்க மறுத்த தமிழக அரசு, 2025 ஏப்ரலில் கலைஞர் கைவினைத் திட்டத்தைத் தொடங்கியது. 35 வயது கடந்த கைவினைஞருக்கு 3 லட்சம் வரை கடன், அதில் 25 சதவீதம் மானியம், ஆனால் மானியம் 50,000 ரூபாயைத் தாண்டாது. நல்ல உதவிதான். கணக்கை மட்டும் கவனிக்க வேண்டும்: 2 லட்சத்திலேயே மானியம் உச்சத்தைத் தொட்டுவிடுகிறது. 3 லட்சம் வாங்கினால் மானியத்தின் பங்கு ஏறக்குறைய 17 சதவீதமாகச் சுருங்கும். மேலே உள்ள ஒரு லட்சம் முழுக்கத் தச்சருடைய கடன். தேவை ஒன்றரை லட்சமாக இருக்கும்போது மூன்று லட்சத்துக்கு மெஷின் பட்டியல் போடுவதில் பயன் கடைக்காரருக்கே.

கடனுக்கு மாதத் தவணை. வெம்பக்கோட்டை வட்டாரத்தின் பணப்புழக்கமோ தீபாவளியைச் சுற்றியது. பட்டாசு ஆர்டர் நன்றாக இருந்த ஆண்டில் வீட்டுக்குப் புது நிலை, கதவு, அலமாரி எல்லாம் எழும். மழையாலோ நீதிமன்ற வழக்காலோ பட்டாசு ஆலைகள் மூடிக் கிடக்கும் மாதங்களில் பட்டறையும் சேர்ந்து தூங்கும். அந்த மாதங்களில் இருபத்தைந்து நாள் வேலை என்ற மேற்படிக் கணக்கு பத்து நாளாகிவிடும். அந்த நிலையே நீடித்தால் 640 நாள் என்பது ஐந்து ஆண்டுக்கு மேல் நீளும், அதற்குள் பேட்டரி தன் ஆயுளை முடித்திருக்கும். பெரிய ப்ளைவுட் வேலை ஒன்று வந்தால், பேனல் சா வைத்திருக்கும் கடையில் அளவுச் சீட்டைக் கொடுத்து வெட்டி வாங்கிக்கொள்ளலாம். அல்லது நாலைந்து பட்டறைகள் சேர்ந்து ஒரு மெஷினை வாங்கி முறைவைத்து ஓட்டலாம். அப்படி ஓடும் மெஷின், மாதம் முழுக்கப் போர்வை மூடி நிற்கும் தனி மெஷினைவிட வேகமாகத் தன் விலையை அடைக்கும். பழுதானால் யார் செலவு, பிளேடை யார் மாற்றுவது என்று முதல் நாளே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டால், பங்காளிச் சண்டையும் வராது.