பிஸாரோவின் சந்தை

இம்ப்ரெஷனிச ஓவியம் என்றால் பலருக்கு ஓவியர் மோனேயின் அல்லிக்குளம்தான் நினைவுக்கு வரும். அந்தக் குளம் ஓவியருக்காகக் காத்திருக்கும். சந்தைக் கூட்டம் காத்திருக்காது. இம்ப்ரெஷனிச ஓவியர் கமீய் பிஸாரோ (1830–1903) அந்தக் கூட்டத்தைத்தான் விரும்பி எடுத்துக்கொண்டார்.

பாரிசுக்கு வடமேற்கே உள்ள பொந்துவாஸில் அவர் பத்தாண்டு வாழ்ந்தார். 1880களில் அங்கும் ழிஸோரிலும் கூடிய கோழிச் சந்தைகளையும் கடைத்தெருக்களையும் திரும்பத் திரும்ப வரைந்தார். ஓவியர் மில்லே காட்டிய குடியானவர்கள் வயலில் குனிந்து உழைப்பவர்கள். பிஸாரோவின் பெண்களோ விலை பேசுகிறார்கள், கூடையைத் தூக்கிப் பார்க்கிறார்கள், வம்பளக்கிறார்கள். அவர்கள்மேல் நமக்கு இரக்கம் வருவதில்லை, மரியாதை வருகிறது. இதுவே இந்தப் படங்களின் பெரும் சாதனை என்பேன்.

இம்ப்ரெஷனிஸ்டுகள் எல்லாவற்றையும் வெளியில் நின்று ஒரே மூச்சில் வரைந்தார்கள் என்ற நம்பிக்கை சந்தைப் படங்களுக்குப் பொருந்தாது. 1883இல் பிஸாரோ வரைந்த இறைச்சிக் கடைப் பெண்ணின் படம் இப்போது லண்டன் டேட் சேகரிப்பில் இருக்கிறது. அதற்கு மாடலாக நின்றவர் அவருடைய உறவுக்காரப் பெண்தான். தற்செயலாகக் கண்ணில் பட்டதுபோல் தோன்றும் நெரிசல், பொறுமையாக அடுக்கிக் கட்டப்பட்டது.

வண்ணத்துக்கு வருவோம். வெயில் நாளில் நேர்வெளிச்சம் விழாத இடத்துக்கும் வானத்தின் ஒளி வந்து சேர்கிறது. அதனால் நிழலில் நீலம் கலந்திருக்கும். ஒரு நிறத்தின் பக்கத்தில் இன்னொன்றை வைத்தால் இரண்டுமே மாறித் தெரியும் என்று வேதியியலாளர் ஷெவ்ரல் 1839இல் எழுதியிருந்தார். ஆரஞ்சின் அருகே நீலம் கூடுதல் நீலமாகும். அதனால்தான் இந்த ஓவியர்கள் நிறங்களைத் தட்டில் மங்கக் குழைப்பதைக் குறைத்து, சிறு தீற்றல்களாகப் பக்கம் பக்கமாக வைத்தார்கள். வெளியில் வரையும்போது, 1841இல் வந்த தகரக் குழாய் வண்ணங்கள் அவர்களுக்குப் பெரிய வசதி.

முதுமையில் பிஸாரோவுக்குக் கண்நோய் முற்றியது. காற்றும் தூசியும் படாமல் இருக்க ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து வரைந்தார். 1901இல் தியெப் நகரத் திருவிழாச் சந்தையை அப்படித்தான் மேலிருந்து வரைந்தார். அதில் ஒவ்வொரு மனிதரும் ஓரிரு தீற்றல்தான். ஆனாலும் கூட்டம் நகர்கிறது.

இந்தப் படங்களைத் திரையில் பார்க்கக் கிடைத்தால், பெரிதாக்கி முதலில் நிழல்களைப் பாருங்கள். நீலமும் ஊதாவும் பச்சையும் தெரியும். வெறும் கறுப்பைக் காண்பது அரிது.