ஆடும் நிலம்

எங்காவது ஒரு போர் முடிவில்லாமல் இழுத்துக்கொண்டே போனால், ஆங்கில நாளிதழ்களின் தலைப்பில் ‘குவாக்மயர்’ என்ற சொல் வந்து உட்கார்ந்துவிடும். நாம் அதைப் ‘புதைகுழி’ என்று எழுதிவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுவோம். பெரிய தப்பில்லை. ஆனால், அந்தச் சொல்லுக்குள் குழியும் இல்லை, புதைவதும் இல்லை. ‘மயர்’ என்றால் சேறு. ‘குவாக்’ என்பது நடுக்கம். நிலநடுக்கத்தைக் குறிக்கும் ‘குவேக்’குக்கு உறவு என்று கருதப்படும் சொல். 16ஆம் நூற்றாண்டில் இரண்டும் சேர்ந்து, மிதித்தால் ஆடுகிற சேற்று நிலத்துக்குப் பெயராகிவிட்டன.

நிலம் ஆடுமா? ஆடும். வட ஐரோப்பாவின் குளிர்ப்பகுதிகளில், தேங்கிய ஏரிகளின் கரையிலிருந்து ஸ்பாக்னம் என்ற பாசி உள்நோக்கிப் படர்கிறது. கோரைகளின் வேரோடு பின்னிக்கொண்டு, தண்ணீரின் மேல் மிதக்கும் தடித்த பாய்போல ஆகிவிடுகிறது. அதில் புல் முளைக்கும். நோஞ்சான் பைன் மரங்கள்கூட வளரும். பார்வைக்குத் தரைதான். அதன்மேல் ஒரு குதி குதித்துப் பாருங்கள், நாலடி தள்ளி நிற்கும் மரம் தலையாட்டும். இந்தப் பாசி தன் உலர்ந்த எடையைப்போல் சுமார் 20 மடங்கு நீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். முதல் உலகப் போரில் பஞ்சுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, பிரிட்டனில் இதைக் காயவைத்துச் சிப்பாய்களின் புண்ணுக்குக் கட்டினார்கள்.

ஆனால் சொல்லுக்குக் கிடைத்த பெயர் கெட்ட பெயர்தான். 1678இல் ஜான் பன்யன் எழுதிய மோட்சப் பயணக் கதையில், பயணி முதலில் போய் விழுவதே நம்பிக்கையிழப்பு என்னும் சேற்றில். அந்தக் கதையைத் தழுவித்தான் எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை ‘இரட்சணிய யாத்திரிகம்’ பாடினார். வியட்நாமிலிருந்து செய்தி அனுப்பிய டேவிட் ஹால்பர்ஸ்டாம், 1965இல் தன் புத்தகத்தின் தலைப்பிலேயே ‘குவாக்மயர்’ என்று போட்டார். அதன்பின் அமெரிக்க அரசியலில் அந்தச் சொல்லும் வியட்நாமும் பிரிக்க முடியாதபடி ஒட்டிக்கொண்டன. நம் மொழியும் சேற்றுக்குப் பரிந்து பேசியதில்லை. ‘அளறு’ என்றால் சேறு. வள்ளுவர் அதையே நரகத்துக்கும் சொல்கிறார்.

சேற்றில் விழுந்தவன் திமிறத் திமிற உள்ளே போவான், கடைசியில் தொப்பி மட்டும் மிதக்கும் என்பது சினிமா தந்த படம். புதைமணலை வைத்து ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள்; 2005இல் ‘நேச்சர்’ இதழில் முடிவு வந்தது. புதைமணலின் அடர்த்தி மனித உடலைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதனால் இடுப்பளவுக்கு மேல் ஆள் இறங்க வழியில்லை, மிதக்கத்தான் வேண்டும். உண்மையான சிக்கல் வெளியே வருவதில் இருக்கிறது. கலங்கிய மணல் அடியில் இறுகிவிடுவதால், ஒரு காலை வெடுக்கென்று இழுக்க ஒரு காரைத் தூக்கும் பலம் வேண்டும். மெல்ல மெல்லக் காலை அசைத்து, இடையில் தண்ணீர் புக விட்டால் விடுபடலாம். மாட்டிக்கொண்ட அரசாங்கங்களுக்கும் இந்த உவமை பொருந்துகிறது, ஆனால் தலைப்பு போடுபவர்கள் நினைக்கும் விதத்தில் அல்ல.

சரி, சேறு விழுங்கியதை என்ன செய்கிறது? 1950 மே மாதம், டென்மார்க்கின் சில்கபோர் அருகே அடுப்புக்காகப் ‘பீட்’ என்னும் கரிமண் வெட்டிக்கொண்டிருந்தவர்கள் ஒரு மனித முகத்தைக் கண்டார்கள். தலையில் தோல் குல்லா, கழுத்தில் தோல் சுருக்குக் கயிறு, தாடையில் இரண்டொரு நாள் சவரம் செய்யாத முள்முடி. அண்மையில் நடந்த கொலையாக இருக்குமென்று போலீசுக்குச் சொல்லி அனுப்பினார்கள். கொலையோ பலியோ, அது நடந்து சுமார் 2,400 ஆண்டுகள் ஆகியிருந்தன. கடைசியாகச் சாப்பிட்ட பார்லிக் கஞ்சி வயிற்றில் அப்படியே இருந்தது. ஸ்பாக்னம் பாசி நீரைப் புளிக்கவைக்கிறது, காற்று உள்ளே போக விடுவதில்லை, தோலைப் பதனிடவும் செய்கிறது. அழுகவைக்கும் நுண்ணுயிர்களுக்கு அங்கே பிழைப்பு இல்லை. சில உடல்களில் எலும்பு கரைந்தும் தோல் மிஞ்சியிருக்கிறது.

மனிதனையே மக்கவிடாத இடத்தில் செடி மட்டும் மக்கிவிடுமா? ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் வீதம் அது பீட்டாகப் படிகிறது. உலக நிலப்பரப்பில் இத்தகைய நிலம் சுமார் 3 சதவீதம்தான். ஆனால் உலகக் காடுகளின் மரங்கள் எல்லாம் சேர்ந்து வைத்திருப்பதைவிட அதிகக் கார்பன் அதற்குள் கிடக்கிறது. நம் நீலகிரி மலைப் பள்ளங்களிலும் பீட் உண்டு. அதைத் தோண்டியெடுத்து, சுமார் 20,000 ஆண்டுகளில் பருவமழை எப்படிக் கூடிக் குறைந்தது என்று இந்திய ஆய்வாளர்கள் படித்து, 1993இல் வெளியிட்டார்கள்.

தண்ணீரை வடித்துவிட்டால் இந்தக் கணக்கெல்லாம் தலைகீழ். காற்று புகுந்ததும் பீட் மக்கத் தொடங்கி, கரியமில வாயுவாக மேலே போகிறது, நிலம் உள்வாங்குகிறது. ‘சதுப்பை வடி’ என்பது இன்று ஆங்கிலத்தில் ஊழல் ஒழிப்புக் கோஷம். உண்மையிலேயே வடித்தவர்கள் கண்டது வேறு. இங்கிலாந்தின் ஹோம் ஃபென் என்ற இடத்தில் பக்கத்து ஏரியை வற்றடித்தபோது, நிலம் எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்க ஓர் இரும்புத் தூணை அடியிலுள்ள களிமண்வரை இறக்கினார்கள். 1851இல் அதன் உச்சி தரைமட்டத்தில் இருந்தது. அந்தத் தூண் இம்மியும் நகரவில்லை. இன்று அதன் உச்சி தரையிலிருந்து சுமார் 4 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; பக்கத்தில் நிற்பவர் அண்ணாந்துதான் பார்க்க வேண்டும்.