ஷிஹாப்: விண்மீனா, கொள்ளியா?

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் இரவு வானில் ஒளிக்கீற்றுப் பாயக் கண்டால், 'நட்சத்திரம் விழுகிறது' என்கிறோம். அரபியில் அது 'ஷிஹாப்', பன்மை 'ஷுஹுப்'. இச்சொல்லை 'நட்சத்திரம்' என நாம் பெயர்ப்பது பொருந்தாது. அதற்கு 'நஜ்ம்', 'கவ்கப்' என வேறு சொற்கள் உள. மூஸா (அலை) அவர்கள் தம் குடும்பத்தார் குளிர்காயக் கொணர்வதாகக் கூறிய தீக்கொள்ளியையும் திருக்குர்ஆன் (27:7) 'ஷிஹாப்' என்றே குறிக்கிறது. தமிழின் 'விண்கொள்ளி'யும் அப்பொருளினதே. வீழ்வது விண்மீனன்று, சிறு துகளொன்று காற்று மண்டலத்தில் விரைந்து புகுந்து எரியும் சுடரே.

அறியாமைக் காலத்து அரபியர், பெரியார் ஒருவரின் பிறப்புக்கோ இறப்புக்கோ அஃது அறிகுறி என்றனர். நபி (ஸல்) அவர்கள் அதனை மறுத்துரைத்தமையை ஸஹீஹ் முஸ்லிமில் காண்கிறோம். கொள்ளியைக் கொள்ளியென்றே அறிந்தார்க்குச் சகுன அச்சம் இல்லை.