சோலார் வேலி நின்றுவிட்டதா? பேட்டரியை மாற்றும் முன் இதைப் பாருங்கள்

நிலக்கடலை பிடுங்க இன்னும் பத்து நாள்தான் இருக்கிறது. ராத்திரி வரப்பில் நடக்கும்போது எனர்ஜைசர் பெட்டியின் 'டக், டக்' சத்தம் கேட்கவில்லை. பழைய பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றி அலுத்துப்போய், பராமரிப்பே வேண்டாம் என்று கடைக்காரர் சொன்ன லித்தியம் பேட்டரியைப் போன வருடம்தான் மாட்டினீர்கள். பகல் முழுக்க நல்ல வெயில் அடித்தும் சார்ஜ் ஏறவில்லை. காட்டுப்பன்றிக் கூட்டத்துக்கு ஒரே இரவு போதும்.

இந்த இடத்தில் பலரும் 'பேட்டரி போச்சு' என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அவசரப்படாதீர்கள். பல நேரங்களில் பேட்டரி நன்றாகவே இருக்கும். அதற்குச் சார்ஜ் கொடுக்கும் பெட்டிதான் பழைய பேட்டரிக்கு ஏற்றபடி ஓடிக்கொண்டிருக்கும். இதைக் கண்டுபிடிக்கச் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு மல்டிமீட்டர் போதும். அதை டிசி 200 வோல்ட்டில் வையுங்கள். 20 வோல்ட்டில் வைத்தால் பேனலின் அளவு தெரியாது. வேலியை அணைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

முதலில் பேனல். கன்ட்ரோலரில் இருந்து பேனல் ஒயரைக் கழற்றி, நடுப்பகல் வெயிலில் அதன் இரு முனைகளில் மீட்டரை வைத்துப் பாருங்கள். 12 வோல்ட் பேட்டரிக்கான பேனல் என்றால் 20 முதல் 22 வோல்ட் வரை காட்ட வேண்டும். ஒன்றுமே காட்டவில்லை என்றால் ஒயர் அறுந்திருக்கும் அல்லது இணைப்பு கழன்றிருக்கும். எலி கடித்த ஒயரும் நம் ஊரில் சாதாரணம். வோல்ட் சரியாக இருந்தும் சார்ஜ் மெதுவாக ஏறினால் பேனல் மேல் தூசி, பறவை எச்சம், பக்கத்து வேப்பமரக் கிளையின் நிழல் இவற்றைப் பாருங்கள். ஒரு மூலையில் விழும் நிழல்கூட மொத்த மின்சாரத்தையும் கடுமையாகக் குறைத்துவிடும்.

அடுத்தது பேட்டரி. சிக்கல் பெரும்பாலும் இங்கேதான். உங்களிடம் இருப்பது லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகையாக இருந்தால், உள்ளே 3.2 வோல்ட் செல்கள் நான்கு வரிசையாக இருக்கும், மொத்தம் 12.8 வோல்ட். அதோடு பி.எம்.எஸ். என்ற பாதுகாப்பு சர்க்யூட்டும் உண்டு. செல் அளவுக்கு மீறி இறங்கினால், அதாவது மொத்தம் 10 வோல்ட் அளவுக்கு வந்தால், அது உள்ளேயே இணைப்பைத் துண்டித்துவிடும். அப்போது டெர்மினலில் மீட்டர் வைத்தால் பூஜ்யமோ, இரண்டு மூன்று வோல்ட்டோ காட்டும். பேட்டரி செத்துவிடவில்லை, தூங்குகிறது.

தொல்லை என்னவென்றால், சாதாரண கன்ட்ரோலர்கள் பேட்டரியில் இருந்துதான் உயிர் பெறுகின்றன. பேட்டரி தூங்கினால் கன்ட்ரோலரும் விழிக்காது. மேலே வெயில் கொளுத்தினாலும் ஒரு சொட்டு மின்சாரம் இறங்காது. லித்தியத்துக்கென்றே உள்ள 14.6 வோல்ட் சார்ஜரில், எழுப்பும் வசதி கொண்டதில், சிறிது நேரம் போட்டால் பெரும்பாலும் எழுந்துவிடும். விற்ற கடையில் இந்த சார்ஜர் இருக்க வேண்டும். டிராக்டர் பேட்டரியில் இருந்து ஒயர் போட்டு எழுப்பும் வேலை வேண்டாம். முனை மாறினாலோ மின்சாரம் மொத்தமாகப் பாய்ந்தாலோ பேட்டரியே போய்விடும்.

எழுப்பியதோடு விட்டால் அடுத்த மாதம் மறுபடி தூங்கும். கன்ட்ரோலரில் எந்த பேட்டரி வகை தேர்வாகியிருக்கிறது என்று பாருங்கள். லெட் ஆசிட் நிலையில் இருந்தால் இரண்டு கெடுதல். ஒன்று, சில கன்ட்ரோலர்கள் அவ்வப்போது ஈக்வலைசேஷன் என்று 14.6-க்கு மேல் வோல்ட்டை ஏற்றும். பழைய பேட்டரிக்கு அது மருந்து; லித்தியத்துக்கு ஆகாது. பி.எம்.எஸ். துண்டித்துக்கொள்ளும். இரண்டு, வெயில் ஏற ஏற சார்ஜ் வோல்ட்டைக் குறைக்கும் வசதி அதில் இருக்கும். சித்திரை வெயிலில் லித்தியம் நிரம்பாமலே நின்றுவிடும்.

'லித்தியம்' என்று இருந்தாலும் ஏமாறாதீர்கள். 3.7 வோல்ட் செல் வகைக்கு 12.6 வோல்ட்டில் நிறுத்தும் அமைப்பும் அதே பெயரில் வருகிறது. உங்கள் பேட்டரிக்கு 14.4 வோல்ட் அளவில் சார்ஜ் முடிய வேண்டும். கையேட்டில் இந்த எண்ணைத்தான் தேட வேண்டும். கன்ட்ரோலரில் லித்தியம் நிலையே இல்லையென்றால் புதியது வாங்குவதே உத்தமம். பேட்டரி விலையோடு ஒப்பிட்டால் அது சின்னச் செலவு.

இன்னொன்று, கன்ட்ரோலரில் தெரியும் 'புல்' விளக்கை நம்ப வேண்டாம். லெட் ஆசிட் பேட்டரியில் 12.9 வோல்ட் என்றால் நிறைந்துவிட்டது என்று பொருள். லித்தியத்தில் அதே 12.9 வோல்ட் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்குதான். பாதி இருக்கும்போதும் 13.1, 13.2 என்றே நிற்கும். கடைசியில் சட்டென்று விழும். நேற்று வரை நன்றாக ஓடியது திடீரென நின்றதற்குக் காரணம் இதுதான்.

கணக்கையும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். எனர்ஜைசர் 0.3 ஆம்பியர் எடுத்தால், 24 மணி நேரத்துக்கு 7 ஆம்பியர்-அவர் சொச்சம். ஐப்பசி, கார்த்திகை மழையில் மூன்று நாள் வெயிலே வராவிட்டால் 22 ஆம்பியர்-அவர் வேண்டும். அதே பேட்டரியில் கொட்டகை விளக்கு, செல்போன் சார்ஜர், கேமரா என்று சேர்த்துக்கொண்டே போனால் எந்த பேட்டரியும் தாங்காது.

பேட்டரியைத் தகரப் பெட்டியில் வெயிலில் வைத்திருந்தால் நிழலுக்கு மாற்றுங்கள். உள்ளே 45 முதல் 55 டிகிரியைத் தாண்டினால் பல பேட்டரிகள் சார்ஜ் ஏற்பதை நிறுத்திவிடும். திரும்ப மாட்டும்போது முதலில் பேட்டரி, பிறகு பேனல். கழற்றும்போது முதலில் பேனல். இந்த வரிசையை மாற்றினால் கன்ட்ரோலர் கருகலாம்.

வேலி நின்ற இரவுகளில் சிலருக்கு வரும் ஒரு யோசனை பற்றியும் சொல்லியாக வேண்டும். மோட்டார் லைனில் இருந்து நேரடியாகக் கம்பிக்கு மின்சாரம் கொடுப்பது குற்றம். எனர்ஜைசர் கொடுப்பது நொடிக்கொரு சிறு அதிர்ச்சி. நேரடி மின்சாரம் ஆளைக் கொல்லும். 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே இப்படிப்பட்ட வேலியில் சிக்கி மூன்று யானைகள் செத்தன. அதே ஆண்டு வந்த தமிழக அரசின் மின்வேலி விதிகள்படி, காப்புக்காட்டை ஒட்டிய பகுதிகளில் சோலார் வேலிக்கும் வனத்துறையில் பதிவு வேண்டும். பேட்டரி சரியாகும் வரை இரண்டு ராத்திரி காவலுக்கு ஆள் போடுங்கள்.

இவ்வளவும் பார்த்த பிறகும் சார்ஜ் ஏறவில்லை என்றால் கடைக்குப் போங்கள். பேனல் வோல்ட், பேட்டரி வோல்ட், கன்ட்ரோலரில் இருந்த நிலை மூன்றையும் ஒரு தாளில் எழுதி, வாரண்டி அட்டையோடு கொண்டுபோங்கள். கைவசம் அளவுகள் இருந்தால் 'நீங்கள்தான் கெடுத்துவிட்டீர்கள்' என்று எளிதில் சொல்லிவிட முடியாது.