சின்னக் காயந்தானே என்று விடாதீர்கள்!

தோட்டப் பாட்டாளித் தோழர்களே! கேரித்தீவானாலும் காப்பாரானாலும், செம்பனைக் காட்டில் முள் குத்தாத கை ஏது? "சின்னக் காயந்தானே, விடுங்கண்ணே" என்கிறோம். மறுவாரம் கை வீங்கிப் போகிறது. "வேலையில் பட்டதற்கு என்ன சாட்சி?" என்று கேட்டால் விழிக்கிறோம்.

ரத்தம் வந்தால் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடியுங்கள். மண், காப்பித்தூள், புகையிலை எதுவும் வைக்க வேண்டாம். மருந்தடிக்கும்போது கண்ணில் தெறித்தால், ஓடும் தண்ணீரில் கால் மணி நேரமாவது கழுவிவிட்டு உடனே டாக்டரிடம் போங்கள்.

அன்றைக்கே மண்டோரிடமும் ஆபீசிலும் சொல்லி எழுத வையுங்கள். 1969ஆம் ஆண்டுச் சட்டத்தால் நமக்குக் கிடைத்தது சொக்சோ. இன்று பெர்கெசோ என்கிறோம். தகவல் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் நிர்வாகம் அங்கே தெரிவிக்க வேண்டும். டாக்டர் 4 நாளாவது எம்.சி. கொடுத்தால், சராசரி நாள் சம்பளத்தில் 80 விழுக்காடு கிடைக்கும். வேலைக்குப் போகும் வழியில் நடந்த விபத்துக்கும் உண்டு. 2019 முதல் நம்மோடு உழைக்கும் வெளிநாட்டுத் தொழிலாளிக்கும் உண்டு.

எம்.சி. சீட்டைப் பத்திரமாக வையுங்கள். வாயால் சொன்னது காற்றோடு போகும். எழுதி வைத்ததுதான் நம் பிள்ளைகளுக்குச் சோறு போடும்.