மீண்டும் மீண்டும் சுற்றுலா வீசா: ஊர் திரும்பி விண்ணப்பிப்பதே நல்லது

புறக்கோட்டையில் புடைவை வியாபாரம் செய்யும் நண்பர் ஒருவர் சில வருடங்களுக்கு முன்னர் சாமான் எடுப்பதற்காக பாங்கொக் சென்றிருந்தார். கையில் சுற்றுலா வீசா. அதே வருடத்தில் அது அவருக்கு மூன்றாவது பயணம். வேலை முடியவில்லை, வீசா முடிந்துவிட்டது. கொழும்புக்கு வந்து திரும்பிப் போனால் செலவு என்று எண்ணி, பக்கத்து நாடொன்றுக்குச் சென்று அங்கிருந்தே புதிய வீசாவுக்கு விண்ணப்பித்தார். மறுத்துவிட்டார்கள். முற்பணம் கட்டிய சாமான் அங்கே, அவர் இங்கே. சாமான் கடைக்கு வந்து சேர்ந்தபோது பெருநாள் முடிந்து இரண்டு வாரமாகியிருந்தது. டிக்கெட் செலவை மிச்சம் பிடிக்கப் போய் ஒரு பருவத்து வியாபாரமே கைவிட்டுப் போயிற்று.

இது ஒருவருக்கு மட்டும் நேர்ந்ததல்ல. இந்தியா, தாய்லாந்து, சீனா, டுபாய் என்று வருடத்தில் பல தடவை பறக்கும் நமது வர்த்தகர்கள் பலர், முதல் வீசா கிடைத்ததனால் அடுத்ததும் தானாகக் கிடைக்கும் என்று நம்புகிறார்கள். உண்மை வேறு. முதல் விண்ணப்பத்தின்போது அதிகாரி உங்கள் ஆவணங்களைப் பார்க்கிறார். மூன்றாவது விண்ணப்பத்தின்போது உங்கள் கடவுச்சீட்டிலுள்ள முத்திரைகளையும் சேர்த்து வாசிக்கிறார்.

ஏன் சொந்த நாட்டிலிருந்து?

சுற்றுலா வீசா கேட்பவரிடம் எந்த நாடும் எதிர்பார்ப்பது ஒன்றைத்தான்: இவர் திரும்பிப் போவாரா? உங்கள் கடை, வங்கிக் கணக்கு, வரிக்கோவை, குடும்பம் யாவும் இலங்கையில். அவற்றைச் சரிபார்க்கும் வசதி கொழும்பிலுள்ள தூதரகத்துக்கே உண்டு. வேறொரு நாட்டில் விண்ணப்பித்தால் அங்குள்ள அதிகாரிக்கு நீங்கள் யாரென்று தெரியாது. ஊருக்குப் போகாமல் நாடு நாடாகச் சுற்றுபவர் என்ற எண்ணமே முதலில் தோன்றும்.

சில நாடுகள் இதை விதியாகவே வைத்துள்ளன. தாய்லாந்து 2015 நவம்பரில் பல தடவை நுழையும் சுற்றுலா வீசாவை அறிமுகம் செய்தது. ஆறு மாதம் செல்லுபடியாகும், ஒவ்வொரு தடவையும் 60 நாள் தங்கலாம். ஆனால் சொந்த நாட்டிலிருந்தோ, வதிவிட அனுமதியுள்ள நாட்டிலிருந்தோதான் அதற்கு விண்ணப்பிக்க வேண்டும். 2024 ஜூலையில் அந்நாடு 93 நாட்டவருக்கு 60 நாள் வீசா விலக்கு அளித்தபோது இலங்கையும் அதில் இடம்பெற்றது. இத்தகைய சலுகைகள் நிலையானவை அல்ல. டிக்கெட் எடுக்குமுன் ஒவ்வொரு தடவையும் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

டுபாயில் இருந்தவர்களுக்கு ஈரானின் கிஷ் தீவு நினைவிருக்கும். வீசா முடிந்தவர்கள் அங்கே போய்க் காத்திருந்து புதிய வீசாவுடன் திரும்புவது அக்காலத்து வழக்கம். 2008இல் ஐக்கிய அரபு இராச்சியம் வீசா விதிகளை மாற்றியபோது ஏராளமானோர் அத்தீவிலேயே சிக்கித் தவித்தார்கள். ஊரில் காத்திருப்பவனுக்கு வீடும் கடையும் உண்டு. இடைவழியில் காத்திருப்பவனுக்கு ஹோட்டல் கட்டணம் மட்டுமே உண்டு.

இந்தியா தரும் பாடம்

2009இன் இறுதியில் இந்தியா ஒரு கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தது. பல தடவை நுழையும் சுற்றுலா வீசா வைத்திருப்பவரும், ஒரு தடவை வெளியேறினால் இரண்டு மாதம் கழித்தே மீண்டும் நுழையலாம் என்பது அது. மும்பைத் தாக்குதலுக்கு உளவு பார்த்தவர் பல தடவை வந்துபோனது தெரியவந்ததன் விளைவு. 2012இல் சில நாட்டவருக்குத் தவிர ஏனையோருக்கு இது நீக்கப்பட்டது. அந்த மூன்று வருடங்களில், கையில் செல்லுபடியான வீசா இருந்தும் நினைத்த நேரத்தில் போக முடியாத நிலை இருந்தது. வீசா உங்கள் கையில் இருக்கலாம், விதி அவர்கள் கையில்தான் இருக்கிறது.

2015இலிருந்து இலங்கையருக்கும் இந்திய இலத்திரனியல் வீசா கிடைக்கிறது. வீட்டிலிருந்தே விண்ணப்பிக்கலாம். ஆனால் இந்தியாவுக்குள் இருந்துகொண்டு விண்ணப்பிக்க முடியாது. இதில் சுற்றுலாவுக்கு ஒரு வகை, வியாபாரத்துக்கு ஒரு வகை உண்டு. ஊர் பார்க்க, உறவினரைச் சந்திக்கச் செல்பவருக்குச் சுற்றுலா வீசா. கொள்முதல், விற்பனை, வர்த்தகப் பேச்சு என்றால் வியாபார வீசா. அதற்கு உங்கள் விசிட்டிங் கார்ட் பிரதியும் இந்தியத் தரப்பு நிறுவனத்தின் விபரமும் தேவை. சென்னையில் துணி எடுக்கும் கடைக்காரரிடம் ஒரு கடிதம் கேட்டுப் பெறுவது பெரிய காரியமல்ல.

சீனாவும் அப்படியே. 2013 செப்டெம்பரிலிருந்து வர்த்தகத்துக்கு 'எம்' வகை வீசா, சுற்றுலாவுக்கு 'எல்' வகை. குவாங்சோவில் ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் நடக்கும் கன்டன் கண்காட்சிக்குச் செல்வோர் கண்காட்சி அமைப்பாளரிடமிருந்தே அழைப்புக் கடிதம் பெறலாம். சரக்கு எடுக்கப் போகும் ஒருவர் வருடத்தில் ஐந்து தடவை 'சுற்றுலா' என்று எழுதினால் ஆறாவது தடவை கேள்வி வரும். அப்போது சொல்லப் பதில் இருக்காது.

நாட்களை எண்ணுவதில் தவறு

அதிகமானோர் தடுக்கி விழும் இடம் இது. வீசா செல்லுபடியாகும் காலம் வேறு, தங்கும் காலம் வேறு. ஒரு வருட வீசா என்றால் ஒரு வருடம் தங்கலாம் என்பதல்ல. சீன வீசாவில் குறிக்கப்பட்டுள்ள திகதி, அதற்கு முன் நுழைய வேண்டிய திகதி. கடைசி நாளில் நுழைந்தாலும் அனுமதித்த நாட்கள் கிடைக்கும். இந்திய வீசாவிலோ பொதுவாக அந்தத் திகதிக்குள் வெளியேறிவிட வேண்டும். ஒன்றின் கணக்கை மற்றதற்குப் போட்டால் ஒரு நாள் கூடினாலும் தண்டப்பணம், அடுத்த விண்ணப்பத்திலும் கறுப்புப் புள்ளி.

கோவை ஒன்றை ஆயத்தமாக வைத்திருங்கள்

அடிக்கடி பயணிப்பவர் ஒவ்வொரு தடவையும் புதிதாக ஓடித்திரிய வேண்டியதில்லை. வியாபாரப் பதிவுச் சான்றிதழ், கடந்த ஆறு மாத வங்கிக் கூற்று, வரி செலுத்திய பற்றுச்சீட்டு, பழைய கடவுச்சீட்டுகள், முன்னைய வீசாக்களின் பிரதி ஆகியவற்றை ஒரே கோவையில் வைத்திருங்கள். முன்னைய பயணங்களின் திகதிகளையும், ஒவ்வொரு தடவையும் உரிய காலத்துக்குள் திரும்பியதையும் ஒரு பக்கக் கடிதமாக எழுதி இணையுங்கள். சந்தேகத்துக்குரியதாகத் தெரியும் முத்திரைகள் அப்போது உங்களுக்கே சாட்சியாகிவிடும்.

விண்ணப்பத்துக்கு முந்திய வாரம் கடன் வாங்கிக் கணக்கில் பெருந்தொகை போடாதீர்கள். அதிகாரிகள் முதலில் பார்ப்பது அதைத்தான். முன்பு மறுக்கப்பட்டிருந்தால் மறைக்காதீர்கள். மறுப்பைக் காட்டிலும் மறைத்ததே பெரிய குற்றமாகும். கடவுச்சீட்டு ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும், வெற்றுப் பக்கங்களும் இருக்க வேண்டும். அடிக்கடி பறப்பவரின் புத்தகம் விரைவில் நிரம்பிவிடும் என்பதை மறவாதீர்கள்.

கடைசியாக ஒன்று. பெருநாளிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள். சாமான் கடைக்கு வர வேண்டிய நாள், கப்பலில் ஏற்ற வேண்டிய நாள், நீங்கள் அங்கே நிற்க வேண்டிய நாள், அதற்கும் முன்னர் வீசாவுக்கு ஒரு மாதம். வீசா கைக்கு வரும்வரை முற்பணம் கட்டாதீர்கள். சரக்கில் இலாபம் குறைந்தால் அடுத்த பருவத்தில் ஈடு செய்யலாம். கடவுச்சீட்டில் விழுந்த கறை அவ்வளவு இலகுவில் போகாது.